நில்லா இயக்க எந்திரம் ஏன் சாத்தியமில்லை?

எரிபொருளோ மின்சாரமோ பெறாமல், ஒருமுறை தள்ளிவிட்டதும் ஓயாமல் ஓடிக்கொண்டே நமக்கு வேலையும் செய்து தருவதாகச் சொல்லப்படும் கருவியே நில்லா இயக்க எந்திரம். அதைச் செய்ய முடியாததற்குக் காரணம் செய்பவரின் திறமைக் குறைவு அன்று. ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது என்பதும், இருக்கும் ஆற்றலிலும் ஒரு பகுதி உராய்வாலும் காற்றுத் தடையாலும் வெப்பமாகச் சிதறிவிடும் என்பதும்தான்.

12ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர் விவரித்த சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளீடற்ற ஆரக்கால்களில் பாதியளவு பாதரசம் இருக்கும். சக்கரம் சுழலும்போது பாதரசம் இடம் மாறி, ஒரு பக்கம் எப்போதும் கனமாக இருக்கும் என்பது எண்ணம். கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் கீழே இறங்கும் பாதரசம் எவ்வளவு ஆற்றலைத் தருகிறதோ, அதே பாதரசத்தை மறுபடியும் மேலே ஏற்ற அவ்வளவும் செலவாகிவிடுகிறது. அச்சின் உராய்வுக்குக் கொடுக்க மிச்சம் ஏதும் இல்லாததால், சக்கரம் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

ஒரு படி அரிசியை இரண்டு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றிக் கொட்டினால் அது ஒன்றேகால் படியாகாது. ஒவ்வொரு முறையும் நாலு மணி சிந்திக் குறையத்தான் செய்யும். ஆற்றலும் அப்படித்தான். இத்தகைய எந்திரத் திட்டங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775இலேயே முடிவெடுத்துவிட்டது.

பூமி எரிபொருளின்றிச் சூரியனைச் சுற்றுகிறதே என்று பலர் கேட்பதுண்டு: தடை ஏறக்குறைய இல்லாத வெளியில் ஒரு பொருள் நெடுங்காலம் இயங்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை; ஆனால் அந்த இயக்கத்திலிருந்து ஆற்றலை எடுத்துப் பயன்படுத்தினால், எடுத்த அளவுக்கு அதன் ஆற்றல் குறைந்தே தீரும்.