உயிர் மண்ணுக்கான கொச்சி (மிளகாய்) விதையை வெளியில் தேடாதீர்கள்

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் மணல் தறை. மூன்று வருடமாக இரசாயனப் பசளை போடாமல் கூட்டெருவில் கொச்சி செய்கிறேன். கடை விதைக் கன்றுகள் மஞ்சளித்துக் குட்டையாகவே நிற்கின்றன. 'உயிர் மண்ணுக்கென்றே', அதாவது இரசாயனம் போடாத, நுண்ணுயிர் நிறைந்த மண்ணுக்கென்றே, 'உருவாக்கிய விதை' என்று ஒருவர் தோட்டம் தோட்டமாகக் கொண்டுவந்து விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த விதை எந்த மண்ணில், எத்தனை போகம் தெரிந்தெடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராது. கூடவே ஒரு நுண்ணுயிர்ப் போத்தலையும் தலையில் கட்டுவார்கள், அதையும் விடுங்கள். கொச்சி வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை உங்கள் தறையில் ஏற்கெனவே இருக்கும். பொஸ்பேற்றை அள்ளிக் கொட்டினால் செடி அந்தப் பூஞ்சையை வேருக்குள் அவ்வளவாக விடாது.

மஞ்சளிப்புக்கு முதலில் எருவைப் பாருங்கள். கையில் பிடித்துப் பிசையும்போது வைக்கோல் துண்டு தட்டுப்பட்டால் அது உக்கவில்லை. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். இதைச் சரிசெய்யாமல் விதை தெரிந்தெடுப்பது வீண்.

பிறகு எம்.ஐ. 2 போன்ற, கலப்பினமல்லாத திறந்த மகரந்தச் சேர்க்கைக் கொச்சி இனமொன்றில் நூறு கன்று வையுங்கள். நாற்றுமேடையும் அதே மண், அதே எருவாகவே இருக்கட்டும். தென்னந்தும்புத் தட்டில் திரவப் பசளை குடித்து வளர்ந்த கன்றில் நல்லது கெட்டது தெரியாது. மொட்டு வரும்போது இருபது நல்ல செடிகளை நுளம்புவலையால் மூடுங்கள். கொச்சி தன்மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் பக்கத்துத் தோட்டத்து இனமும் கலந்துவிடும். வரப்போரச் செடியும் எருக்குவியலுக்குப் பக்கத்துச் செடியும் எவ்வளவு செழித்தாலும் வேண்டாம், அது இடத்தின் செழிப்பு. மூன்றாம் முறை காய் ஆயும்வரை பச்சை குறையாமல் காய்க்கும் பத்துச் செடியை வைத்துக்கொண்டு, நன்றாகச் சிவந்த பழத்தில் விதை எடுங்கள். பள்ளமாகக் கறுத்த புள்ளியுள்ள பழம் வேண்டாம், அந்த அழுகல் விதையோடு வரும். நிழலில் உலர்த்தி, செடிக்குச் செடி வேறாக வையுங்கள்; போகம் முடிந்து வேர் பார்த்த பிறகே சம அளவில் கலவுங்கள்.

கலப்பின விதையில் எடுக்கவே கூடாது என்பார்கள். எடுக்கலாம். ஆனால் எம்.ஐ.சி.எச். எச்.வை. 1 போன்ற கலப்பினத்தில் எடுத்தால் அடுத்த போகத்தில் நெட்டை, குட்டை, காரம், சப்பை என்று பிரிந்து நிற்கும். அப்போது நூறு போதாது, இருநூறு முந்நூறு செடி வேண்டும். ஆறேழு தலைமுறை தொடர்ந்து தெரிந்தெடுத்தால்தான் ஒரே சீராகும். அவ்வளவு பொறுமையும் காணியும் உள்ளவருக்கே அது. உங்களுக்கு எம்.ஐ. 2 போதும், நாலைந்து போகத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கலாம்.

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் தளர்த்தினார்கள். நிறைந்த பசளையில் தெரிந்தெடுத்த விதையை வெறும் எருவில் நடச் சொன்னால் என்ன ஆகும் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். எருவுக்கேற்ற விதையைத் தெரிந்தெடுக்கும் வேலை இன்னும் தோட்டக்காரன் தலையில்தான்.

போகம் முடிந்ததும் கழித்த செடி ஒன்றையும் தெரிந்தெடுத்த பத்துச் செடிகளையும் மண்வெட்டியால் கிளப்பி, மெல்ல உதறிப் பாருங்கள். சல்லிவேர் நிறைந்து மணல் உறைபோல ஒட்டியிருந்தால் நல்ல வேர். பத்தில் மொட்டை வேரோடு வந்த செடியின் விதையைக் கலவையில் சேர்க்காதீர்கள். அதனால் வேர் பார்க்கும்வரை ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் போத்தலில் வையுங்கள்.