எதிர்த்தரப்பைப் படித்தால் மனம் மாறுமா?

கேள்வி: சமூக வலைதளத்தில் நம் கருத்துக்காரர்களையே பின்தொடர்வதால்தான் எல்லோரும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறோம் என்கிறார்கள். எதிர்த்தரப்பையும் பின்தொடர்ந்தால் சரியாகிவிடுமா?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ் பெயில் குழுவினர், ட்விட்டர் பயன்படுத்துகிறவர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்முகாமின் பதிவுகளைத் தினமும் பகிரும் ஒரு கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் சொன்னார்கள். முடிவுகள் 2018-இல் வெளியாயின. குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் முன்பைவிட இன்னும் இறுகிப்போயிருந்தார்கள், ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடம் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை.

காரணம் எனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எதிர்த்தரப்பிலிருந்து நம் திரைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அங்கே அதிகம் கத்துகிறவர்களின் குரல்தான். ட்விட்டர் பதிவுகளை அலசிய 2017 ஆய்வு ஒன்றில், அறச்சீற்றம் மாதிரியான உணர்ச்சிச் சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பகிர்வு சுமார் 20 சதவீதம் கூடியது. நிதானமாக நாலு பத்தி எழுதியவர் கீழே போய்விடுகிறார், வசை பாடியவர் மேலே வருகிறார், அவரைப் பார்த்துவிட்டு 'இவங்க எல்லாருமே இப்படித்தான்' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

கேள்வி: பேசாமல் கணக்கை மூடிவிட்டால்?
- ஒரு வாசகர்

பதில்: தாராளமாக, கொஞ்ச நாளைக்கு. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விட்டவர்களிடம் அரசியல் கருத்துகளில் இருந்த பிளவு கொஞ்சம் தணிந்தது, மனநிலையும் சற்றுத் தேறியது. கூடவே செய்தி அறிவும் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று முடிவு செய்கிற அல்காரிதத்தை மாற்றினாலே போதாதா?
- மென்பொருள் துறை வாசகர்

பதில்: 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஆய்வாளர்கள் அதையும் செய்தார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்கள் சிலருக்கு மூன்று மாதம் பதிவுகளை வெறும் நேர வரிசையில் காட்டினார்கள், மனப்பான்மை அசையவில்லை. இதை வைத்து நிறுவனங்களுக்கு நற்சான்று கொடுக்க நான் தயாரில்லை. 2017 முதல் கொஞ்ச காலம், எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்கிடும்போது, கோப முக எமோஜிக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது ஃபேஸ்புக். அப்படி ஆண்டுக்கணக்கில் பழக்கியதை மூன்று மாதத்தில் கழுவிவிட முடியாது என்பது என் எண்ணம்.

உங்கள் துறைக்காரர்கள் 'போலிஸ்' (Polis) என்ற, பலருடைய கருத்தைத் திரட்டும் இணையக் கருவியைப் பார்க்க வேண்டும். திரையில் ஒரே ஒரு வாக்கியம் வரும். ஏற்கிறேன், ஏற்கவில்லை, கடந்து போகிறேன் என்று மூன்று பொத்தான்கள். பதில் எழுத இடமே கிடையாது! சொல்ல வேண்டியது இருந்தால் புதிதாக ஒரு வாக்கியம் எழுதலாம், அதற்கும் எல்லோரும் வாக்களிப்பார்கள். யார் எந்தப் பக்கம் திரண்டிருக்கிறார்கள், எந்த வாக்கியத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்பது படமாகத் தெரியும். அப்புறம் எழுதுகிறவர்கள் மறுபக்கமும் ஏற்கிற மாதிரி எழுதப் பார்க்கிறார்கள். ஊபர் வாடகைக் கார் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற விவகாரத்தில் தைவான் 2015-இல் இதைப் பயன்படுத்தியது. எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது இந்த மாதிரி வடிவமைப்புதான்.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவுக்கும் எனக்கும் தினமும் அரசியல் சண்டை. ஆதாரம் அனுப்பினால் கோபம்தான் கூடுகிறது. என்ன செய்ய?
- மனம் நொந்த வாசகி

பதில்: அந்தக் குழுவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அத்தனை பேர் முன்னால் தன் பிள்ளை வயதுள்ள உங்களிடம் தோற்க அவரால் முடியாது, உங்களாலும்தான். முதலில் பேச்சை அங்கிருந்து வெளியே எடுங்கள். போன் செய்யுங்கள்.

மயாமி நகரில் வீடு வீடாகப் போய், திருநங்கை, திருநம்பியர் மீதான வெறுப்பைக் குறைக்க ஒரு முயற்சி நடந்தது. 2016-இல் வெளியான அந்த ஆய்வில், சுமார் பத்து நிமிடப் பேச்சின் பலன் குறைந்தது மூன்று மாதம் நீடித்தது. வந்தவர்கள் வாதாடவில்லை. 'நீங்க வித்தியாசமா இருக்கீங்கன்னு யாராவது உங்களை மட்டமா நடத்தினது உண்டா?' என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சொல்வதைக் கேட்டார்கள்.

எனக்கும் ஒரு நண்பருடன் இப்படி ஓராண்டு முறுக்கிக்கொண்டு இருந்தது. ஓர் இரவு அவருக்கு நீளமாக ஒரு மறுப்பு எழுதி முடித்து, அனுப்பாமல் அழித்துவிட்டுப் போன் செய்தேன். அவர் அப்பாவின் வேலை போன கதையை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். அவர் கருத்தை இன்றும் நான் ஏற்கவில்லை, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நீங்களும், 'சித்தப்பா, உங்களுக்கு இதுல இவ்வளவு கோபம் எப்போ இருந்து?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.