29 கிலோ ஆம்பும் நாற்பது படியும்

வாசகர் கடிதம்:

வணக்கம். குன்னூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு காலை சர்ச்சில் கிதார் வாசிப்பேன். சனிக்கிழமை இரவுகளில் நாலு பேர் குழுவாக மசினகுடிப் பக்கம் ரிசார்ட்களில் நிகழ்ச்சி. ஊட்டி வரை பஸ், அங்கிருந்து கல்லட்டி வழியாக ஜீப். என் வீடு ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே. இவ்வளவு நாள் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பை (கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வைத்து ஓட்டிவிட்டேன். இப்போது கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ட்யூப் ஆம்ப் வாங்கப் போகிறேன், ஒன்றுதான் முடியும். கோவையில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற பெரிய ட்யூப் ஆம்பை விற்கிறார். ஏறக்குறைய அதே பணத்துக்குப் புதிதாக ஒரு 15 வாட் ஆம்ப் கிடைக்கும். நண்பர்கள், "சின்னதை எடுத்தால் ஒரே டோன்தான், பிறகு வருத்தப்படுவாய்" என்கிறார்கள். சர்ச்சுக்கு சுத்தமான க்ளீன் (கரகரப்பில்லாத ஒலி) வேண்டும். ரிசார்ட்டில் ப்ளூஸ், ராக், பழைய தமிழ்ப் பாட்டு எல்லாம் கேட்பார்கள். எதை எடுப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ட்வினை விட்டுவிடுங்கள். எடை ஒரு காரணம்தான். உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு நேர் எதிராக, நீங்கள் வாசிக்கும் இடங்களில் ட்வின்தான் ஒரே டோன் ஆம்பாக இருக்கும்.

ட்வின் ரிவெர்ப் 85 வாட். நான்கு 6எல்6 ட்யூப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், 29 கிலோ. எவ்வளவு சத்தம் வைத்தாலும் உடையாத, அதாவது கரகரக்காத க்ளீனுக்காகவே செய்யப்பட்டது, அதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முன் ட்யூப்களை அழுத்திக்கொண்டே மொத்தச் சத்தத்தைக் குறைக்க உதவும் மாஸ்டர் வால்யூம் அதில் கிடையாது. கல் சுவரும் மர உத்தரமும் உள்ள மலை சர்ச்சில் வால்யூம் குமிழ் மூன்றைத் தாண்டினாலே முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மசினகுடியோ முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம், அங்கே சத்தத்தை அடக்கித்தான் வாசிக்க வேண்டும், பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கே இடமில்லை. ஆக, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூப்கள் அழுத்தத்துக்கு வந்து, தொடுதலுக்கு ஏற்ப ஒலி தடித்து மெலியும் பகுதியை நீங்கள் ஒருநாளும் தொடமாட்டீர்கள். குமிழின் முதல் கால் பகுதிக்காக 29 கிலோவைச் சுமப்பீர்கள். பல டோன் என்பதை சேனல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடக் கூடாது. உங்கள் அறையின் சத்தத்தில் அந்த ஆம்ப் எத்தனை விதமாகப் பேசும் என்று பாருங்கள்.

வாட் கணக்கு பலரையும் ஏமாற்றுகிறது. வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்புக்கும் 85 வாட் ட்வினுக்கும் நடுவில் 6 டெசிபல் கூட முழுதாக இல்லை. இதில் பாதியை ஸ்பீக்கரே ஈடுகட்டிவிடும். 97 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் உள்ளதைப் போட்டால் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். செலஸ்டியன் வின்டேஜ் 30 என்ற ஸ்பீக்கர் அந்த 100 வகை. சின்ன ஆம்பை வாங்குகிறவர்கள் வாட்டைப் பார்க்கும் அளவுக்கு இந்த எண்ணையும் பார்க்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

அப்படியானால் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது? பவர் டிரான்ஸ்ஃபார்மர், ட்யூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் காந்தம், மரப்பெட்டி. ட்யூப்கள் கையில் அள்ளினால் அரை கிலோ தேறாது. வாக்ஸ் ஏசி15-ம் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரும் 15 வாட்தான். இரண்டிலும் ஒரு ஜோடி ஈஎல்84 பவர் ட்யூப், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். ஆனால் ஏசி15 சுமார் 22 கிலோ, ப்ளூஸ் ஜூனியர் 14 கிலோ. ஒரே வாட்டில் எட்டு கிலோ வித்தியாசம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து கனமான ஆறாவது கம்பியை விரலால் அழுத்தாமல் அப்படியே மீட்டுங்கள். அந்த ஈ சுரம் 82 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே இறங்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பு வேண்டும், ஸ்பீக்கருக்குப் பின்னால் பெட்டியில் இடம் வேண்டும். பின்பக்கம் திறந்த சின்னப் பெட்டியில் முன்னால் வரும் பாஸும் பின்னால் வரும் பாஸும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். எடையைக் குறைத்தால் முதலில் போவது இந்த அடிநாதம். ரிசார்ட்டில் பாஸ் கிதார் வாசிப்பவர் கூட இருக்கிறார் என்றால் இந்த இழப்பு உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. தனியாக விரலால் மீட்டுகிறவர் என்றால் பாதிக்கும்.

பெட்டியைச் சின்னதாக்கிப் பெரிய ஆம்பின் திறனை உள்ளே அடைக்கும் ஆசை புதிதல்ல. 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ரான்டல் ஸ்மித் ஃபெண்டர் பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பெரிய ஆம்பின் சர்க்யூட்டையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் பொருத்தினார். மெசா பூகி என்ற ஆம்ப் அப்படித்தான் பிறந்தது. பெட்டி சுருங்கியது, டிரான்ஸ்ஃபார்மர் சுருங்கவில்லை. ட்யூப் ஆம்பில் இன்றைக்கும் அந்த இரும்புக்கு மாற்று இல்லை.

உங்களுக்கு என் யோசனை: 20 வாட் அளவில் மாஸ்டர் வால்யூமும் எஃபெக்ட்ஸ் லூப்பும் (பெடல்களை ஆம்பின் நடுவில் இணைக்கும் வழி) உள்ள ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்று, தனியாக ஒரு 12 அங்குல கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி). எடையைக் குறைப்பதை விட இரண்டாகப் பிரிப்பதுதான் நாற்பது படிக்கு உதவும். ஹெட் பத்து கிலோவுக்குள் கிடைக்கும், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கேபினட்டில் நியோடிமியம் காந்த ஸ்பீக்கர் போட்டால் இன்னும் லேசு. வின்டேஜ் 30 மட்டுமே 4.7 கிலோ, நியோ வகை சுமார் 2 கிலோ. சர்ச்சில் அனுமதி கிடைத்தால் ஒரு கேபினட்டை அங்கேயே வைத்துவிடுங்கள், பிறகு ஞாயிறு காலையில் ஹெட்டை மட்டும் தூக்கினால் போதும்.

பவர் ட்யூபில் 6வி6 ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். ஈஎல்84-ன் ஒலி சீக்கிரம் உடையும், அதன் மினுமினுப்பு அழகுதான், ஆனால் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிதாரை வைத்துக்கொண்டு சர்ச் க்ளீன் கேட்டால் திணறும். 6வி6-ல் க்ளீன் இன்னும் கொஞ்ச தூரம் போகும். உடைந்த ஒலிக்கு முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் போதும், ரிசார்ட் பாட்டுக்கெல்லாம் அது ஈடுகொடுக்கும். க்ளீன் நன்றாக இருக்கும் ஆம்பைப் பெடலால் அழுக்காக்கலாம். எப்போதும் அழுக்காக இருக்கும் ஆம்பை எந்தப் பெடலாலும் கழுவ முடியாது.

ஹெட்டும் கேபினட்டும் தனித்தனி என்றால் ஒரு விஷயத்தில் கவனம் தவறவே கூடாது. ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஒருபோதும் வாசிக்காதீர்கள். சுமை இல்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள் சுற்றின் காப்பையோ ட்யூப் சாக்கெட்டையோ பொசுக்கிவிடும். 8 ஓம் கேபினட்டை 8 ஓம் துளையில்தான் செருக வேண்டும். நடுவில் ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிதார் கேபிளும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே கம்பி மெல்லியது, சூடாகும்.

சத்தம் போதவில்லை என்று தோன்றினால் முதலில் கேபினட்டை நாற்காலி மேல் ஏற்றி, காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். தரையில் வைத்த ஆம்ப் முழங்காலுக்குத்தான் வாசிக்கும், ட்ரெபிள் முழுவதும் கால்களுக்கிடையில் போய்விடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் எஸ்எம்57 மைக் ஒன்றை கிரில் துணியிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டரில், ஸ்பீக்கர் நடுவிலுள்ள குமிழின் விளிம்பைப் பார்த்து வைத்து பி.ஏ.வுக்கு (கூடத்தின் ஒலிபெருக்கி அமைப்பு) அனுப்புங்கள். கூடத்தின் அளவைப் பற்றி ஆம்ப் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி கரண்ட். நீலகிரியில் இதைப் பேசாமல் ட்யூப் ஆம்ப் பேச முடியாது. மாலையில் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். ட்யூபுக்குள் இருக்கும் சூடேற்றும் இழைக்கு, அதாவது ட்யூப் ஹீட்டருக்கு, 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதம் ஏறி இறங்கலாம். 230 வோல்ட் 190 ஆனால் ட்யூப் ஹீட்டருக்குக் கிடைப்பது 5.2 தான். ஒலி குழைந்து, க்ளீன் முன்னதாகவே உடையும். ஆம்ப் கெட்டுவிட்டது என்று பலர் ட்யூபை மாற்றுவது இந்த நேரத்தில்தான். முதலில் மல்டிமீட்டரில் பிளக் பாயிண்டைப் பாருங்கள். 20 வாட் ஆம்புக்கு 500 விஏ ஸ்டெபிலைசர் தாராளம்.

இன்வெர்ட்டர் இன்னொரு கதை. ரிசார்ட்டில் கரண்ட் போய் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் மீட்டர் 230 காட்டும், ஆம்ப் மட்டும் உயிரில்லாமல் இரையும். சைன் அலையில் 230 வோல்ட்டின் உச்சி 325. ஏசியை டிசியாக்கும் ஆம்பின் ரெக்டிஃபையர் அந்த உச்சி வரை கெப்பாசிட்டரை நிரப்புகிறது. சதுர அலைக்கு உச்சியே 230 தான். உள்ளே 400 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 280 நிற்கும். சைன்வேவ் இன்வெர்ட்டரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவை ட்வினை வேண்டாம் என்பதற்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், எனவே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கூடவே வரவேண்டும், அதுவும் சில கிலோ. அது வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. பின்பலகையில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று போட்டிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் அந்த இரும்பு கூடுதலாகச் சூடேறும்.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு: வாசித்து முடித்ததும் கால் மணி நேரமாவது ஆறவிட்டே தூக்குங்கள், சூடான ட்யூபின் இழை அதிர்ச்சி தாங்காது. பவர் ட்யூபுக்குப் பிடிப்பான் கம்பி இருக்கிறதா பாருங்கள். இறங்கியதும் ஆம்பை அணைத்த நிலையிலேயே ஒவ்வொரு ட்யூபையும் மெல்ல அழுத்தி உட்கார்த்துங்கள். மசினகுடியிலிருந்து திரும்பும்போது நேர் மாறான சிக்கல். பனியில் குளிர்ந்த ஆம்பை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் படியும். அரை மணி கழித்து ஆன் செய்யுங்கள்.

பையில் ஒரு 12ஏஎக்ஸ்7 (முன் ட்யூப்), பொருத்தம் பார்த்த ஒரு ஜோடி 6வி6, ஆம்பில் அச்சிட்டிருக்கும் அதே மதிப்பில் நாலு ஃப்யூஸ். ஃப்யூஸ் போனால் ஒருமுறை மாற்றுங்கள். மறுபடி போனால் பவர் ட்யூப்களைக் கழற்றிவிட்டு மாற்றிப் பாருங்கள். இப்போது ஃப்யூஸ் போகாமல் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் ட்யூப். நிற்காவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிர்போகும் வோல்டேஜ் இருக்கும். கோவையில் தெரிந்த டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் கிதாரையும் பெடலையும் எடுத்துக்கொண்டு போங்கள். சர்ச்சில் வைக்கும் சத்தத்திலேயே வாசித்துப் பாருங்கள், கடைக்காரர் ஏற்றச் சொன்னாலும் ஏற்றாதீர்கள். கிதார் வால்யூமைப் பத்திலிருந்து நாலுக்கு இறக்குங்கள். ஒலி சுத்தமாகி, மங்காமல் இருக்க வேண்டும். பிறகு பென்சில் முனையால் முன் ட்யூப்களைத் தட்டுங்கள். மெல்லிய டொக் பரவாயில்லை, மணி போல நீண்டு ஒலித்தால் அந்த ட்யூபை மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைசியாக ஹெட்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்குங்கள். கைப்பிடி விரலை அறுத்தால் வேறு கைப்பிடி போட்டுத் தருவார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.