தோட்டப் பக்கச் சுவரில் பெயிண்ட் உரிவது

இரண்டு தடவை வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தும் சுவரில் உரிகிறது, மூன்றடி உயரத்துக்கு ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்), வெள்ளைப் பொடி வேறு, மறுபடியும் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றாவது தடவையும் அடிக்காதீர்கள். அது ஈரத்தைச் சுவருக்குள்ளேயே பூட்டிவிடும். மூன்றடியில் நிற்கும் ஓதம் இன்னும் மேலே ஏறும்.

எழுபது வருட வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே சிமெண்ட் பூச்சு என்கிறீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அவ்வளவாக விடாது. வழி கிடைக்காத ஈரம் உப்போடு வந்து பெயிண்டைத் தள்ளுகிறது. நீங்கள் சொன்ன வெள்ளைப் பொடி அந்த உப்புதான்.

ஈரம் வரும் இடம்? எனக்குச் சந்தேகம் வெளியே இருக்கும் செம்பருத்திப் பாத்தி மேல். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் எருவும் மண்ணும் கொட்டியதில், பாத்தி உள்தரையைவிட நாலு விரல் உயர்ந்து கிடந்தது. கொத்தனார் வந்து காட்டும்வரை யார் கண்ணிலும் படவில்லை.

1. ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வேர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் வேர்த்தால் காற்றோட்டக் குறை.

2. சுவரிலிருந்துதான் என்றால், பாத்தி மண்ணை உள்தரைக்கு அரையடி கீழே இறக்குங்கள்.

3. ஓதம் ஏறிய இடத்துக்கு ஓரடி மேல்வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, 1:3 சுண்ணாம்பு-மணல் பூசி வெள்ளையடியுங்கள்.

சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் போகிறதென்றால் முதலில் அதைப் பாருங்கள். கசிவு இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. சுண்ணாம்பு கலக்கும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும்.