லாரி கேபினில் இரண்டு 12 இன்ச் சப்வூஃபர் போட எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்?

கேள்வி கேட்ட தம்பி மூன்றே விஷயம் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வீல் லாரி, பட்ஜெட் 25,000 ரூபாய், "பாட்டு போட்டா கேபின் அதிரணும்". கீழே பதில் எழுதியவர்கள் ஆளுக்கொரு கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். "உங்க வண்டி 24 வோல்ட், கடையில் விக்கிற ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட், நடுவுல என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கார் வைத்திருப்பவர்கள் போல. அதைப் பார்த்துதான் எழுத உட்கார்ந்தேன். இல்லையென்றால் அன்லோடுக்குக் காத்திருக்கும் இந்த நேரத்தில் ஒரு தூக்கம் போட்டிருப்பேன்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. ஐடிஐ டீசல் மெக்கானிக். சங்ககிரிப் பக்கம், சொந்தமாக ஒரு வண்டி, ஓட்டுவதும் நானே. கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், ஆனால் இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸ் என்ன என்பதைப் படித்துவிட்டு வாருங்கள்.

2017 தீபாவளிக்கு முன்னால் ஒரு கடையில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்றும் நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். சப்வூஃபர் டப்பாவில் கொட்டை எழுத்தில் 1,200 வாட்ஸ். பெட்டியோடு சேர்த்து 21,000 ஆனது. மாட்ட வந்த பையனிடம், "வண்டி 24 வோல்ட் ஆச்சே தம்பி" என்று நானேதான் கேட்டேன். "ரெண்டு பேட்டரி இருக்குல்லண்ணா, ஒண்ணுலருந்து எடுத்துக்கலாம். எல்லா லாரிக்கும் இப்படித்தான் போடறோம்" என்றான். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எல்லா லாரிக்கும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். சின்ன எஃப்.எம். செட்டுக்கு அது பல வருடம் தாங்கும். ஆம்ப்ளிஃபையருக்குத் தாங்காது என்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நாலு மாதம் ராஜாவாக ஓட்டினேன். அடுத்த வருடம் மாசி மாதம் சேலத்தில் ஜவ்வரிசி லோடு ஏற்றி புனேவுக்குக் கிளம்பினேன். சித்ரதுர்கா தாண்டி ஒரு தாபாவில் நிறுத்திச் சாப்பிட்டு, பாட்டை மெதுவாக ஓடவிட்டுப் படுத்தேன். ராத்திரி மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினால் டிக், டிக். செல்ஃப் எடுக்கவில்லை. லோடு வண்டியை எங்கே தள்ளுவது?

விடிந்த பிறகு தாபாக்காரர் பக்கத்து ஊர் எலெக்ட்ரீஷியன் ஒரு பெரியவரைக் கூப்பிட்டார். அவர் கன்னடத்தில் பேச, நான் அரைகுறை இந்தியில் பேச, எப்படியோ ஒப்பேறியது. பேட்டரி பெட்டி மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை வாசனை. ஒரு பேட்டரியின் தலை முழுக்க ஈரம், கம்பியெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. இன்னொன்று பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. பக்கத்து லாரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் ஓடும்போதே மீட்டரை வைத்தார். இரண்டும் சேர்த்து 27.8 வோல்ட். சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்றில் 15.3, இன்னொன்றில் 12.5. மீட்டரை என் முகத்துக்கு நேராகக் காட்டி, நாக்கைத் தட்டிக்கொண்டே கேபினுக்குள் போன சிவப்பு வயரை வெட்டி என் கையில் கொடுத்தார்.

விஷயம் இதுதான். இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் தொடராக மாட்டி 24 ஆக்கியிருக்கிறார்கள். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்தம் 28 வோல்ட்டா என்பது மட்டும்தான், யார் பசியில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபையர் ஒரு பேட்டரியில் மட்டும் உறிஞ்சினால் அது எப்போதும் அரைவயிற்றோடு கிடக்கும். நிறைந்த பேட்டரிக்கும் அதே கரண்ட்தான் போகும், அது கொதித்து ஆசிட்டைக் கக்கும். ஒன்று பட்டினியில் செத்தது, இன்னொன்று தின்று தின்று செத்தது. இரண்டும் புதுசு வாங்க 26,000 ரூபாய். பாட்டு செட்டின் விலையை விட அதிகம். வீட்டில் இதை இன்று வரை சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஆகவே தம்பி, முதலில் வாங்க வேண்டியது சப்வூஃபரும் இல்லை, ஆம்ப்ளிஃபையரும் இல்லை. 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர். எத்தனை ஆம்பியர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் அளவு) கொடுக்கும் கிளாஸ் டி (கரண்ட்டை அதிகம் வீணாக்காத வகை) மோனோ, அதாவது ஒரே சேனல், ஆம்ப்ளிஃபையர் என்று வையுங்கள். அது வாங்குவதில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், மிச்சம் சூடாகப் போகும். அப்படியானால் 375 வாட்ஸ் வேண்டும். கன்வெர்ட்டரிலிருந்து வரும் 13.8 வோல்ட்டில் 27 ஆம்பியர். 30 ஆம்பியர் கன்வெர்ட்டர் சரியாக இருக்கும். பாட்டு எப்போதும் முழு மூச்சில் ஓடாது, அதனால் கொஞ்சம் மூச்சுவிட இடமும் உண்டு. நீங்கள் கேட்ட மாதிரி இரண்டு 12 இன்ச், ஒன்றுக்கு 300 வாட்ஸ் என்றால் 54 ஆம்பியர். அதற்குத் தகுந்த நல்ல கன்வெர்ட்டர் வாங்கினால் உங்கள் 25,000-ல் சப்வூஃபருக்குக் காசு மிஞ்சுமா, பாருங்கள்.

கன்வெர்ட்டரை பேட்டரிப் பக்கம் வைக்காமல் கேபினுக்குள், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 24 வோல்ட்டில் கரண்ட் பாதிதான் என்பதால் நீள வயர் அவ்வளவு தடிமனாக வேண்டியதில்லை. ஃபியூஸ் மட்டும் பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றும். சேசிஸில் உரசித் தோல் போன வயரை யார் காப்பாற்றுவது? அப்புறம், வயர் வாங்கும்போது நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது.

வாட்ஸ் பற்றி. டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பதை மறந்துவிடுங்கள். அது கண் மூடித் திறக்கும் நேரம் தாங்கும் அளவு. உள்ளே இருக்கும் காகிதத்தில் ஆர்.எம்.எஸ். அல்லது நாமினல் என்று பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், என்னுடைய 1,200-க்கு அங்கே 300-தான் இருந்தது. ஆம்ப்ளிஃபையரையும் அதே கணக்கில் பாருங்கள். ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) கணக்கும் முக்கியம். 4 ஓம் சப்வூஃபர் இரண்டை இணையாக மாட்டினால் 2 ஓம். மோனோ ஆம்ப்ளிஃபையர் 2 ஓம் தாங்கும் என்று புத்தகத்தில் இருந்தால் சரி. நாலு சேனலை பிரிட்ஜ் செய்து (இரண்டிரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து) மாட்டுவதென்றால் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது, சூடேறி சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். கெயின் என்பது வால்யூம் இல்லை, செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் திருகு. நான் அதை முழுசாகத் திருப்பி வைத்து, ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகும் வாசனையை ஹூப்ளி பைபாஸில் முகர்ந்தவன்.

இனி நான் சொல்வதை ஆடியோ பைத்தியங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். லாரிக்கு இரண்டு 12 இன்ச் தேவையே இல்லை. கஞ்சத்தனம் இல்லை, காரணம் என்ஜின். ஆறு சிலிண்டர் டீசல் 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒரு வினாடிக்கு 75 தடவை வெடிக்கிறது. அதாவது 75 ஹெர்ட்ஸ். உங்கள் சப்வூஃபர் வேலை பார்க்கும் இடமும் அதேதான். நீங்கள் இருக்கையில் உணரும் உறுமலும் பாட்டின் பேஸும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கின்றன. பேஸ் கேட்கவில்லையே என்று ஏற்றுவீர்கள், ஏற்றினால் பாடகர் குரல் மூழ்கும், உடனே அதை ஏற்றுவீர்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் காது இரைய ஆரம்பிக்கும். கேபின் சின்ன இடம் என்பதால் அடிச்சத்தம் தானாகவே கூடும், எட்டு இன்ச்சோ பத்து இன்ச்சோ போதும். மிச்சக் காசில் கதவுக்குள் ஒட்டும், அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட்டும் கதவுக்கு நல்ல ஸ்பீக்கரும் வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையரில் லோ பாஸை (அதற்குக் கீழே உள்ள சத்தத்தை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் வைத்து, பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுங்கள். வண்டி நிற்கும்போது கேட்டுப் பார்த்து, அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

பெட்டியைப் பற்றி இன்னொரு அனுபவம். மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த போர்ட் பெட்டியா என்று சண்டை போடுவார்கள். போர்ட் பெட்டி சத்தம் அதிகம் கொடுக்கும், இடமும் அதிகம் கேட்கும். பத்து இன்ச்சுக்கு மூடிய பெட்டி முக்கால் கன அடி இருந்தால் தாராளம், பெர்த்துக்குக் கீழே அடங்கும். இது இல்லை முக்கியம். பெட்டியை போல்ட் போட்டு இறுக்கினீர்களா என்பதுதான். ஒருநாள் க்ளட்ச் வேலைக்கு மெக்கானிக் கேபினை முன்னால் தூக்கினார். பெர்த்துக்குப் பக்கத்தில் சும்மா வைத்திருந்த என் பெட்டி, சாவகாசமாக நகர்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்து, முன் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. முழுக் கண்ணாடி. கூடவே தண்ணீர் கேன், செருப்பு, சாமி படம். மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் படத்தைப் பார்த்தேன். கேபின் மடங்கும் இடத்தில் வயருக்கும் கொஞ்சம் தளர்ச்சி விடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் இழுபட்டு அறுந்துவிடும்.

"லாரிக்காரனுக்கு எதுக்கு இதெல்லாம், ஹாரன் கேக்காம எவனையாவது ஏத்திடப் போறான்" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். ஓடும்போது நான் பேச்சு கேட்கும் அளவுக்குத்தான் வைப்பேன். அதிரவிடுவது நிற்கும் இடத்தில். நிற்பதுதானே இங்கே பாதிப் பிழைப்பு! இதை எழுதும்போது ஒரு குடோன் வாசலில் இரண்டாவது நாளாக நிற்கிறேன். பில்டியில் (லோடு ரசீது) ஹால்டிங், அதாவது காத்திருப்புக் காசு, நாளுக்கு இவ்வளவு என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். கேட்டால் பார்ட்டி ஆபீஸைக் கேள் என்கிறார், ஆபீஸ் பார்ட்டியைக் கேள் என்கிறது. உள்ளே கக்கூஸ் இருக்கிறது, டிரைவருக்குப் பூட்டு. தார்ப்பாய் நனைந்தால் மட்டும் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். 2025-லிருந்து வரும் புது லாரிகளுக்குக் கேபினில் ஏசி கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள், நல்லது, வரவேற்கிறேன். என் வண்டி அதற்கு முந்தியது. எனக்கு இந்தப் பாட்டுதான் ஏசி. அதைக் கேட்பவனைத் திமிர் பிடித்தவன் என்றால் என்னவென்று சொல்வது.

சரி, எங்கேயோ போய்விட்டேன். இப்போது என் வண்டியில் இருப்பது: 20 ஆம்பியர் கன்வெர்ட்டர், 200 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். மோனோ ஆம்ப்ளிஃபையர், பெர்த்துக்குக் கீழே போல்ட் போட்ட பத்து இன்ச். என்ஜின் அணைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. ஆல்டர்னேட்டர் இரைச்சல் "ஙொய்" என்று பாட்டோடு கலந்து வந்தால், செட்டிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயரையும் பவர் வயரையும் கேபினின் இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொண்டுவாருங்கள், எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். எனக்கு அதோடு நின்றது. பேட்டரி இரண்டையும் மாதம் ஒரு தடவை என்ஜின் ஓடும்போது தனித்தனியாக மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். நேற்று 13.9, 13.9.

பழைய 12 இன்ச் பெட்டி என்ன ஆனது என்று நான் முன்பு எழுதிய பதிலுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார், விலைக்குக் கிடைக்குமா என்று. கிடைக்காதுங்க. ஸ்பீக்கரைக் கழற்றிய ஓட்டைக்குள் வைக்கோல் போட்டு அம்மா கோழியை அடை வைத்திருக்கிறார்.