ப்ரொப்பெல்லர் நின்றுபோனதுபோல் தெரிகிறது: மாதிரி விமானத்தைப் பறக்கும்போது படமெடுப்பது எப்படி?

கேள்வி: பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டிய வெட்டவெளியில், என் மச்சான் பெட்ரோல் எஞ்சின் வைத்த டைகர் மாத் (மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட பழைய பயிற்சி விமானம்) மாதிரி விமானத்தை ரிமோட்டில் பறக்கவிடுகிறார். அசலில் நாலில் ஒரு பங்கு அளவு. ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் என்னிடம் உள்ளன. 1/2000 நொடியில் எடுத்தால் ப்ரொப்பெல்லர் நின்றுபோய், வானத்தில் பொம்மையை ஒட்டியதுபோல் இருக்கிறது. விமானப் படங்களுக்கு 1/125 நொடிதான் சரி என்றார்கள். அதில் விமானமே கலங்கிவிடுகிறது. நிஜ விமானம் போலத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களுக்குக் கிடைத்த 1/125 என்ற ஆலோசனை தவறானதன்று, அது பெரிய விமானங்களுக்கு உரியது. மாதிரி விமானத்தில் உருவம் நாலில் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது, ஆனால் அதன் ப்ரொப்பெல்லர் அசலைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. 1931-இல் முதன்முதலாகப் பறந்த அசல் டைகர் மாத்தின் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுச் சுற்றும். அதை 1/250 நொடியில் படமெடுத்தால் ஒவ்வோர் அலகும் (பிளேடும்) 48 பாகை நகர்ந்திருக்கும். அந்த விசிறி போன்ற மங்கலைத்தான் நம் கண் “பறக்கிறது” என்று ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மச்சானின் விமானத்தில் ப்ரொப்பெல்லர் 6000 சுற்றுச் சுற்றுவதாகக் கொண்டால், அதே மங்கல் 1/750 நொடியிலேயே கிடைத்துவிடும். ஆகவே 1/800-இல் தொடங்குங்கள். த்ராட்டிலைப் பாதியாகக் குறைத்து 4000 சுற்றில் பறக்கவிட்டால் 1/500 போதும். 1/2000-இல் 4000 சுற்றுக்கு அலகு 12 பாகைதான் நகர்கிறது என்பதால்தான் அது நின்றுபோனதாகத் தோன்றியது. 1/125-இலோ 6000 சுற்றுக்கு 288 பாகை நகர்ந்து, அலகுகளே காணாமல் போய் வெறும் வட்டம் மிஞ்சுகிறது. அந்தச் சிரமத்தை நீங்கள் பட்டிருக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது விமானத்தின் வேகம். அசல் டைகர் மாத்தின் உச்ச வேகமே மணிக்கு 175 கி.மீ. அளவுதான், அதில் நாலில் ஒன்று 44 கி.மீ. மாதிரி விமானம் 55 கி.மீ. வேகத்தில் கடந்தால், பார்ப்பவருக்கு ஏதோ அவசரத்தில் ஓடுவதுபோல் தெரிவது இதனால்தான். இதற்கு நம் பகுதியிலேயே மருந்து இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்றை எல்லாரும் குறை சொல்வார்கள். படமெடுப்பவருக்கு அது வரம். 25 கி.மீ. காற்றை எதிர்த்து 55 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் தரைக்கு மேல் 30 கி.மீ. வேகத்தில்தான் நகரும். 25 மீட்டர் தொலைவில் நிற்கும் நீங்கள் கேமராவை நொடிக்கு 19 பாகை திருப்பினால் போதும். அதே விமானம் காற்றோடு போகும்போது 51 பாகை திருப்ப வேண்டியிருக்கும். எனவே காற்றை எதிர்த்து வரும் சுற்றில் மட்டும் ஷட்டரை அழுத்துங்கள், காற்றோடு போகும் சுற்றை விட்டுவிடுங்கள். காற்று விட்டுவிட்டு மோதும் நாளில் விமானம் குலுங்கும் என்பதும், இறக்கை லேசான டைகர் மாத்தைக் கடுங்காற்றில் ஏற்றக்கூடாது என்பதும் உங்கள் மச்சானுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

காற்றின் திசையே வெளிச்சத்துக்கான நேரத்தையும் முடிவு செய்கிறது. மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானம் மேற்கு நோக்கித்தான் ஏறும், இறங்கும். ஆகவே மூக்கிலும் ப்ரொப்பெல்லரிலும் வெயில் விழுவது மாலையில்தான். காலையில் எடுத்தால் வாலில் மட்டும் வெளிச்சம் இருக்கும். நவம்பர் முதல் சனவரி வரை கணவாயை நோக்கிக் கிழக்கிலிருந்து காற்று வரும்போது இது அப்படியே தலைகீழாகி, காலை நேரமே சிறந்ததாகிவிடுகிறது. நிற்கும் பக்கமும் மாறும். ஜூன், ஜூலை மாலைகளில் சூரியன் வடமேற்கில் சாய்வதால் ஓடுபாதைக்கு வடக்கே நின்று தெற்கு நோக்கி எடுக்க வேண்டும். உங்கள் இடத்தில் அப்போது ஆனைமலைத் தொடர் தானாகவே பின்னணியில் வந்து நிற்கும். இந்த வாய்ப்பு கோவைக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கிடைக்காது. மார்ச் முதல் மே வரை காலை ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பத் தொடங்கிவிடும். அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கூர்மையான படத்தைத் தராது.

பின்னணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொம்மை என்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் விமானமல்ல, அதன் அருகில் இருப்பவைதாம். தொலைவிலுள்ள மலைக்கும் மேகத்துக்கும் அளவு தெரியாது. தென்னை ஓலைக்கும் கிளுவை வேலியின் இலைக்கும் மின்கம்பத்துக்கும் தெரியும். இறக்கைக்குப் பக்கத்தில் ஓர் ஓலை வந்தாலே கண் அளவெடுத்துவிடும். தரையில் ஓடும்போதும் இறங்கும்போதும் எடுக்கும் படங்களில் இது இன்னும் கடுமை: கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) வளர்ந்து நிற்கும் கொழுக்கட்டைப் புல், நாலு மடங்கு பெரிதாகத் தெரிந்து மரக்கன்று போலாகிவிடும். ஓடுபாதைப் புல்லை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். கேமராவையும் தாழ்த்துங்கள். நிற்கும் மனிதனின் கண் ஏறத்தாழ 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதில் நாலில் ஒன்று 40 செ.மீ. அந்த உயரத்தில் கேமராவை வைத்தால், விமானத் தளத்தில் ஓர் ஆள் நின்று பார்ப்பது போன்ற கோணம் வந்துவிடும்.

நுனியிலிருந்து நுனி வரை இறக்கையின் அகலம் 2.2 மீட்டருக்குச் சற்று மேல், விமானத்தின் நீளம் 1.8 மீட்டர் அளவு என்பதால், 25 மீட்டர் தொலைவில் பக்கவாட்டில் கடக்கும் விமானம் உங்கள் கேமராவில் 200 மி.மீ. அளவிலேயே சட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பிவிடும். லென்ஸ் திறப்பை எஃப்/8 வைத்தால் அந்தத் தொலைவில் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். இரு இறக்கை நுனிகளும் அதற்குள் அடங்கும். சாய்வெயிலில் 1/800, எஃப்/8-க்கு ஐஎஸ்ஓ 400 போதுமானது. ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள். விமானத்தை வெறும் வானத்துக்கு எதிரே எடுக்க நேர்ந்தால், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக) கூட்டுங்கள். இல்லையென்றால் அடிவயிறு கறுத்துப்போகும். உண்மையில் அடிவயிற்றுப் படங்களையே தவிர்க்கச் சொல்வேன். விமானத்தை ஆளுயரத்துக்குச் சற்று மேல் இறக்கி, உங்களைச் சுற்றி வளைவதுபோல் மெதுவாகச் சாய்த்துத் திருப்பச் சொன்னால், மேல் இறக்கையும் விமானி இருக்கையும் தெரியும். இருக்கையில் விமானிப் பொம்மை இல்லையென்றால் முதலில் அதை வையுங்கள். ஆளில்லாத டைகர் மாத் பறப்பதை எந்தக் கண்ணும் நம்பாது.

கேமராவின் கண்ணாடி வழியே பார்ப்பவருக்குத் தொலைவு தெரியாது. விமானம் தன்னை நோக்கி வருவதே கடைசியில்தான் புரியும். அதனால் விமானத்தை ஓட்டுபவர் நிற்கும் கோட்டுக்கு முன்னால் ஒருபோதும் போகாதீர்கள். தோளைத் தொட்டு எச்சரிக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு நேர் பக்கவாட்டில் உட்கார்ந்து எடுக்க வேண்டாம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி மாதிரி விமானத்தைக் கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள்தான் பறக்கவிட வேண்டும். பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருப்பதால், வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுவதானால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.