ஆண்டுக் கணக்கில் காக்கையையும் எழுதுங்கள்: பெங்களூருப் பறவை நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ஒரு வருடத்தில் எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்கிறோம் என்று கணக்கு வைக்க ஆசைப்படும் பெங்களூருத் தமிழ் நண்பர்கள் நிறையக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அல்சூரிலிருந்து: அக்கா, ஆண்டுக் கணக்கு என்றால் என்ன? எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நீங்கள் பார்த்த பறவை வகைகளின் எண்ணிக்கைதான் ஆண்டுக் கணக்கு. ஆயிரம் காக்கையைப் பார்த்தாலும் அது ஒரு வகைதான். அடுத்த ஜனவரியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஆரம்பிக்க நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலைப் பக்கமாக ஒரு நடை போங்கள். கள்ளப்பருந்து, நீர்க்காகம், வக்கா, கொக்கு, மைனா, மாடப்புறா, காக்கை என்று முதல் அரை மணியிலேயே நோட்டில் பாதிப் பக்கம் நிரம்பிவிடும். ஜனவரியில் தொடங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. வடக்கிலிருந்து வந்த குளிர்கால விருந்தாளிகள் அப்போது இங்கேதான் இருப்பார்கள். உள்ளூர்ப் பறவையும் வலசைப் பறவையும் ஒன்றாகக் கிடைப்பதால் முதல் இரண்டு மாதங்களில் எண்ணிக்கை வேகமாக ஏறும். ஏப்ரலுக்குப் பிறகு மெதுவாகும். அப்போது மனம் தளர வேண்டாம்.

பிடிஎம் லேஅவுட்டிலிருந்து: நோட்டில் எழுதுவதா, ஆப்பில் போடுவதா? புதிய பறவையை மட்டும் குறித்தால் போதாதா?

இரண்டும் வைத்துக்கொள்ளலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002-ல் தொடங்கிய இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு ஆப்பைத்தான் இங்கே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நடையிலும் பார்த்த பறவைகளின் பட்டியலை (செக்லிஸ்ட்) போட்டுவிட்டால் ஆண்டுக் கணக்கு, வாழ்நாள் கணக்கு, மாவட்டக் கணக்கு எல்லாவற்றையும் அதுவே கூட்டிக் கொடுத்துவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். புதிய பறவையை மட்டும் குறித்தால் உங்கள் எண்ணிக்கை சரியாகத்தான் வரும். ஆனால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஒரு நடை போனால் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளும் எத்தனை எத்தனை என்று முழுப் பட்டியலாக எழுதுங்கள். பட்டியலின் முடிவில் 'நான் அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதினேனா' என்று ஆப் கேட்கும். அதற்கு மனசாட்சியோடு 'ஆம்' என்று சொல்ல முடிய வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், முழுப் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல். மடிவாளா ஏரியில் ஒரு மணி நேரம் நடந்து, தெரிந்த எல்லாவற்றையும் எழுதி, அதில் சிட்டுக்குருவி இல்லை என்றால், அன்று அங்கே சிட்டுக்குருவி கண்ணில் படவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அரிய பறவையை மட்டும் எழுதுகிறவருடைய பட்டியலில் சிட்டுக்குருவி இல்லாததற்கு எந்த அர்த்தமும் கிடையாது. 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் பதிவு செய்த ஏறக்குறைய 3 கோடிப் பதிவுகளிலிருந்து 942 வகைகளை ஆராய்ந்தது. அவற்றில் 178 வகைகள் உடனடி அக்கறை தேவைப்படுபவை என்று தெரிந்தது. கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடை குறைந்துவருகிறது என்பதும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைச் 'சாதாரணப் பறவைதானே' என்று எழுதாமல் எல்லோரும் விட்டிருந்தால் அது குறைவது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: குரல் மட்டும் கேட்டால் கணக்கில் சேர்க்கலாமா?

தாராளமாக. குயிலையும் அக்காக்குயிலையும் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். சில பறவைகளுக்குக் கண்ணைவிடக் காதுதான் நம்பகமான சாட்சி. இருட்டில் பறந்துபோகும் பக்கி என்ற இரவுப் பறவையைப் பார்த்து எந்தப் பக்கி என்று சொல்வது கடினம். ஆனால் கல்தரையில் கோலிக்குண்டை விட்டால் துள்ளித் துள்ளி வேகம் கூடி அடங்குமே, அப்படிக் கேட்டால் அது இந்தியப் பக்கி.

இலைக்கதிர்க்குருவிகளும் அப்படித்தான். செப்டம்பரிலிருந்து நம் தெரு மரங்களின் உச்சியில் 'ட்ஸி-லி' என்று இரண்டு அசையில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது பச்சை இலைக்கதிர்க்குருவி. புதருக்குள்ளிருந்து 'டக்... டக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. இந்த இரண்டு குரல்களையும் பழகிக்கொண்டால் குளிர்காலம் முழுக்க உங்கள் பட்டியல் பொய் சொல்லாது.

மெர்லின் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறதே என்பீர்கள். அது நல்ல துணை. ஆனால் அது சொன்ன பெயரை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். அது சொன்னதும் நின்று நீங்களும் அந்தக் குரலைக் கேளுங்கள். முடிந்தால் பறவையைத் தேடிப் பாருங்கள். உங்களுக்கு நிச்சயமான பிறகு எழுதுங்கள்.

பன்னேர்கட்டா சாலையிலிருந்து: மிருகக்காட்சி சாலையில் பார்த்தது சேருமா?

கூண்டில் இருப்பது சேராது. அதே வளாகத்தின் மரத்தில் தானாக வந்து உட்காரும் வக்கா சேரும். வீட்டிலிருந்து தப்பிவந்த காதல் பறவைகளை எழுதலாம், ஆனால் ஆப் அவற்றை மொத்தத்தில் கூட்டாது. அப்பார்ட்மெண்ட் புறாவுக்குத் தடையில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு, காரும் இல்லை. நூறு வகை பார்க்க முடியுமா அக்கா?

முடியும் தம்பி. நூறைத் தாண்டவும் முடியும்.

லால்பாக் வாசலிலேயே மெட்ரோ நிற்கிறது. அங்கே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் பறவை ஆர்வலர்கள் கூடி நடப்பது 1970-களிலிருந்து வரும் பழக்கம். புதியவர்களை அன்போடு சேர்த்துக்கொள்வார்கள். வெண்கன்னக் குக்குறுவான், புள்ளி ஆந்தை, மாங்குயில், ஏரியில் கூழைக்கடா, தாழைக்கோழி எல்லாம் அங்கே கிடைக்கும். ஹெப்பால், ஜக்கூர், கைகொண்டனஹள்ளி ஏரிகளுக்குப் பஸ்ஸிலேயே போகலாம். முக்குளிப்பான், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, சங்குவளை நாரை என்று நீர்ப்பறவைகள் அங்கே சேரும்.

குளிர்காலத்தில் நண்பர்களோடு ஒரு வண்டி பிடித்து ஹொஸ்கோட்டே ஏரிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகளுக்கு நல்ல இடம். இன்னொரு நாள் நந்தி மலை. மற்ற ஞாயிறுகளில் வீட்டுக்குப் பக்கத்து ஏரி ஒன்றையே திரும்பத் திரும்பப் பாருங்கள் என்பது என் கட்சி. ஊர் ஊராக ஓடுகிறவருக்கு எண்ணிக்கை சீக்கிரம் ஏறும். சாம்பல் வாலாட்டி எந்த வாரம் வந்தது, எந்த வாரம் போனது என்று சொல்ல ஒரே கரையில் வருடம் முழுக்க நடந்தவரால்தான் முடியும்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: எந்த மாதத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

நவம்பரிலிருந்து மார்ச் வரை ஏரிகளைப் பாருங்கள். வாத்துகள், சேற்றுப் பூனைப்பருந்து, மஞ்சள் வாலாட்டி எல்லாம் அப்போதுதான். மத்திய ஆசியாவிலிருந்து கூட்டமாக வரும் சோளக்குருவியும் அப்போது கண்ணில் படும். மழைக்காலத்தில் பலர் பைனாகுலரை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அது தேவையில்லை. தூக்கணாங்குருவி கூடு பின்னுவதும், நாணல் ஓரத்தில் சிவப்புச் சில்லை இனப்பெருக்கக் கோலத்தில் பளபளப்பதும் மழைக்காலத்தில்தான்.

அக்டோபரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறுமணிக்குருவி தெற்கே வரும் மாதம் அது. இரவில் பறந்து களைத்து, சிலசமயம் அப்பார்ட்மெண்ட் பால்கனியிலேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் உடனே போட்டோ எடுக்க ஆள் கூட்டாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனவிலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கே.ஆர்.புரத்திலிருந்து: நந்தி மலையில் பார்த்தது என் பெங்களூருக் கணக்கில் வருமா? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அங்கே பார்ப்பது?

நந்தி மலை சிக்கபள்ளாப்பூர் மாவட்டம். ஹொஸ்கோட்டே பெங்களூரு கிராமப்புற மாவட்டம். ஓசூர் தமிழ்நாடு. இவையெல்லாம் உங்கள் இந்தியக் கணக்கில் சேரும், பெங்களூரு நகர மாவட்டக் கணக்கில் சேராது. நகரத்துக்கு மட்டும் தனிக் கணக்கு வைப்பவர்கள் எல்லையை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். வருடக் கடைசியில் எல்லையை நீட்டினால் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.

பொங்கலுக்குப் போகிறவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். சொந்த ஊர்க் கண்மாய்க்கரையில் கால் மணி நேரம் நின்று ஒரு முழுப் பட்டியல் போட்டால் போதும். பெங்களூருவுக்குக் கிடைக்கும் அளவு பதிவுகள் நம் கிராமங்களுக்குக் கிடைப்பதில்லை.

ஸ்ரீராம்புரத்திலிருந்து: நந்தி மலையில் மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்க்க மூன்று முறை போயும் கிடைக்கவில்லை. அதன் குரலைப் போனில் போட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. போனில் குரலைக் கேட்டால், தன் எல்லைக்குள் வேறொரு சின்னான் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சு பார்ப்பதையும் விட்டுவிட்டு ஓடிவரும். ஒவ்வொரு வார இறுதியிலும் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அதன் கதி என்ன? விடிந்ததும் போய், புதர் அடர்ந்த பாறைச் சரிவில் அமைதியாகக் காத்திருங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஹெசரகட்டா புல்வெளியில் சாயங்காலம் வண்டியை உள்ளே ஓட்டாதீர்கள். பூனைப்பருந்துகள் இரவில் மரத்தில் தங்குவதில்லை, புல்லுக்குள் தரையில்தான் தங்கும். வானம்பாடிகள் கூடு வைப்பதும் தரையில்தான். ராமநகரத்துப் பாறையில் கருங்கழுத்துப் பாறுக் கழுகு கூடு வைத்திருந்தால் தூரத்திலிருந்து பாருங்கள். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால், அவற்றின் சடலங்களைத் தின்ற பாறுகள் கூட்டம் கூட்டமாக அழிந்து, 2006-ல் அந்த மருந்துக்குத் தடை வந்த பிறகும் எஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம். உங்கள் கணக்கில் ஒன்று கூடுவதற்காக அதன் கூட்டில் ஒன்று குறையக் கூடாது.

விவேக்நகரிலிருந்து: உண்ணிக்கொக்கின் பெயர் மாறிவிட்டதே, என் கணக்கு குறையுமா?

குறையாது. ஒரே வகையாக இருந்ததை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நம்முடையது கிழக்கு உண்ணிக்கொக்கு, ஆப் தானே மாற்றிவிடும்.

ஆஸ்டின் டவுனிலிருந்து: மேடம், நான் போட்ட பதிவுக்கு 'விவரம் தாருங்கள்' என்று கடிதம் வந்திருக்கிறது. என்னை நம்பவில்லையா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதத்துக்கோ இடத்துக்கோ வழக்கமில்லாத பறவை என்றால் எல்லோரையும்தான் கேட்பார்கள். கேட்பவர் சம்பளமில்லாமல் தன் நேரத்தைக் கொடுக்கும் தன்னார்வலர். அளவு, நிறம், அலகு, குரல், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். போட்டோ இருந்தால் மங்கலாக இருந்தாலும் இணையுங்கள். யோசித்துப் பார்த்து உறுதியில்லை என்று தோன்றினால், 'ஏதோ ஒரு இலைக்கதிர்க்குருவி' என்பது போலப் பொதுவாகப் பதிவதற்கும் ஆப்பில் இடம் இருக்கிறது, அதற்கு மாற்றிவிடுங்கள்.

அதே ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு எட்டாம் வகுப்பு மாணவி: அக்கா, என்னிடம் பைனாகுலர் இல்லை. நானும் கணக்கு வைக்கலாமா?

வை பாப்பா! மொட்டை மாடியில் காலையில் கால் மணி நேரம் நில். பருந்து, கிளி, மைனா, காக்கை, தேன்சிட்டு, குக்குறுவான் எல்லாவற்றுக்கும் கண்ணே போதும். பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகம் முழுக்க ஒரு பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பள்ளிக்கூட வளாகங்களும் அதில் சேரலாம். உன் டீச்சரிடம் இப்போதே சொல்லி வை. பின்னால் வாங்கும்போது 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) பைனாகுலர் வாங்கச் சொல். பெரிதாகத் தெரியட்டும் என்று 20 மடங்கு, 30 மடங்கு என விற்பதை வாங்கினால் கை நடுங்கி எதுவும் தெரியாது.